அட்டை, அட்டவணை, ஆரணி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. முதல் காரணம் சோம்பேறித்தனம். ரெண்டாவது காரணம், இதை எழுதணும்னா நான் பண்ண ஒரு தப்பை எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும். இருபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இனிமே யாரும் அடிக்க வரமாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதறேன்.

2002ஆம் வருஷம். ஆரணியில பட்டுத்தறி இருக்கிற வீடுகள்ல ஒரு கணக்கெடுப்பு நடந்தது. யார் நடத்தினாங்கங்கிறது வேண்டாம். வீட்டுல எத்தனை தறி, சொந்தத் தறியா கூலித் தறியா, யார் யார் என்ன வேலை பார்க்கிறாங்கன்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வந்தாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தி, அட்டவணை எடுத்து, அறிக்கைக்குத் தட்டச்சு செஞ்சு குடுக்கிற வேலை எனக்கு. நானும் தறிவீட்டுப் பையன்தான். அப்பா தறியில, அம்மா ராட்டினத்துல. அதனால என்கிட்ட குடுத்தா தப்பு வராதுன்னு ஒரு நம்பிக்கை.

மென்பொருள் எஸ்பிஎஸ்எஸ். கணக்கு போடறதுல அதுக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனா அப்ப இருந்த பதிப்புல ஒரு மாறிக்குப் பேர் வைக்கணும்னா ஆங்கிலத்துல எட்டு எழுத்துக்குள்ள வைக்கணும். தமிழ்னா அதுக்கு என்னன்னே தெரியாது. அறிக்கையோ தமிழ்ல வரணும். தமிழ் எழுத்துருவை மாத்திப் பார்த்தேன். பாதி எழுத்து வந்தது, மீதி இடத்துல கட்டம் கட்டமா நின்னது. அப்புறம் என்ன, எல்லாரும் பண்ணதைத்தான் நானும் பண்ணேன். அட்டவணையைத் தாள்ல அச்செடுத்து, பக்கத்துல வச்சுக்கிட்டு, வேர்டுல ஒவ்வொரு கட்டமா கையால அடிச்சேன்.

அதுல ஒரு அட்டவணை, வேலை வாரியா ஆட்களோட எண்ணிக்கை. நெய்பவர், தார் சுற்றுபவர், பாவு பிணைப்பவர், சாயம் போடுபவர், அட்டை அடிப்பவர், மற்றவர். நெசவு தெரியாதவங்களுக்கு ஒரு வரி விளக்கம்: ஊடை நூலை நாடாவுக்குள்ள வைக்கிற சின்னக் குழல்ல சுத்தறதுதான் தார் சுத்தறது. அநேகமா பொம்பளைங்க வேலை, வீட்டுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. பாவு பிணைக்கிறதுங்கறது முடிஞ்ச பாவோட புதுப் பாவை இழை இழையா சேர்க்கிற வேலை. அதுக்கு ஊருக்கே சில பேர்தான்.

ராத்திரி பதினொரு மணி, கரண்ட் போய் போய் வருது. தார் சுற்றுபவர் எண்ணைத் தவறவிட்டு, அதுக்குக் கீழ இருந்த பாவு பிணைப்பவர் எண்ணை அங்க அடிச்சுட்டேன். அதுக்கப்புறம் எல்லா எண்ணும் ஒரு வரி மேல ஏறிடுச்சு. கடைசி வரிக்கு எண் இல்லை. 'மற்றவர்' யாரும் இல்லை போலிருக்குன்னு ஒரு கோடு போட்டேன். மொத்தத்தை மட்டும் அச்சுத்தாள்ல இருந்த மாதிரியே சரியா அடிச்சேன்!

அறிக்கை எழுதினவர் என் அட்டவணையைப் பார்த்து, தார் சுற்றுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் மிகச் சிலரேன்னு ஒரு பத்தி எழுதிட்டார். அது அச்சாகி வந்து, ஒரு பிரதியைப் பெருமையா வீட்டுக்குக் கொண்டு போனேன். அப்பா புரட்டிக்கிட்டே வந்தவர் அந்தப் பக்கத்துல நின்னார். "ஏண்டா, நம்ம தெருவுலயே இதுக்கு மேல இருப்பாங்களேடா"ன்னார். ஒரு பேனாவை எடுத்து எண்களைக் கூட்டினார். மொத்தத்தோட ஒத்துப்போகலை. அம்மா அப்ப ராட்டினத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க. "நான் கணக்குலயே இல்லையா?"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

திருத்தச் சொல்லிக் கேட்டேன். அச்சாயிடுச்சு தம்பி, விடுங்கன்னுட்டாங்க.

சரி, வரலாற்றுக்கு வருவோம். (தலைப்புல வரலாறுன்னு வகைப்படுத்திட்டு சொந்தக் கதை சொல்றானேன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது.)

கணக்கு சரியா இருந்து, அதைக் கட்டத்துக்குள்ள எடுத்து வைக்கிற இடத்துல தப்பு நுழையறதுங்கறது என்னோட தனிச்சாதனை இல்லை. இதுக்காகவே வாழ்நாளைச் செலவழிச்சவர் சார்ல்ஸ் பாபேஜ். 1821ல அவரும் நண்பர் ஜான் ஹெர்ஷலும் வானியல் அட்டவணைகளைச் சரிபார்க்க உட்கார்ந்தாங்க. ரெண்டு பேர் தனித்தனியா போட்ட கணக்கை ஒப்பிடறது வேலை. தப்புக்கு மேல தப்பு. இதெல்லாம் நீராவியால போடப்பட்டிருக்கக் கூடாதான்னு பாபேஜ் நொந்துபோய்ச் சொன்னதா பிரபலமான கதை. அதுல இருந்துதான் வித்தியாசப் பொறி பிறந்தது.

பாபேஜைக் கம்ப்யூட்டரின் தந்தைன்னு எல்லாரும் சொல்வாங்க. அவர் அச்சடிக்கிறதைப் பத்தியும் அவ்வளவு கவலைப்பட்டார்ங்கறதை யாரும் சொல்றதில்லை. பொறி கணக்குப் போட்டு, ஒரு குமாஸ்தா அதைப் பார்த்து எழுதி, அச்சுக்கோர்க்கிறவர் அதைப் பார்த்து எழுத்து கோர்த்தா என்ன பிரயோஜனம்? அந்த ரெண்டு கையிலயும் தப்பு வருமே! அதனால பொறியே அச்சுத்தட்டுக்கான வார்ப்பு வரைக்கும் செஞ்சு தரணும்னு வடிவமைச்சார். 1847லிருந்து 1849 வரை அவர் வரைஞ்ச ரெண்டாவது வித்தியாசப் பொறியோட அச்சுப் பகுதியில என்னென்ன வசதி தெரியுமா? ஒரு பக்கத்துல எத்தனை பத்தி வரணும், வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, ஓரத்துல எவ்வளவு இடம், கண்ணுக்கு சுலபமா இருக்க சில வரிக்கு ஒரு தடவை ஒரு வெற்று வரி, எல்லாத்தையும் முன்கூட்டியே அமைச்சுக்கலாம். இன்னிக்கு நாம 'டேபிள் ஃபார்மேட்'னு சொல்றது மொத்தமும் அங்க பல்சக்கரமா இருக்கு. அவர் காலத்துல அது செய்யப்படலை. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவர் வரைபடத்தை வச்சு கணக்குப் பகுதியை 1991லயும், அச்சுப் பகுதியை 2002லயும் செஞ்சு முடிச்சது. அதாவது நான் ஆரணியில கையால அடிச்சுக்கிட்டிருந்த அதே வருஷம். :-)

பாபேஜுக்கு முன்னாடியே ஸ்வீடன்ல ஒரு அப்பாவும் பிள்ளையும், ஷோய்ட்ஸ்னு பேர், அவரோட யோசனையைப் படிச்சுட்டு 1853ல ஒரு பொறியை முடிச்சாங்க. அச்சு வார்ப்போடதான். அதே மாதிரி இன்னொன்னை இங்கிலாந்தோட பிறப்பு இறப்புப் பதிவகம் வாங்கி, 1864ல வெளிவந்த ஆயுள் அட்டவணைக்குப் பயன்படுத்திச்சு. அதுலயும் ஒரு பகுதியைத்தான் பொறி செஞ்சது, மிச்சத்துக்குக் கைதான்.

இப்ப நம்ம ஊர் சமாச்சாரம். பாபேஜ் வீட்டுல ஒரு பட்டுப்படம் இருந்தது. ஜக்கார்டோட உருவம், லியோன் நகரத்துல நெய்தது, 24,000 அட்டை பயன்படுத்தி நெய்த படம். வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவாராம். ஜோசப் மரி ஜக்கார்ட் 1804ல காப்புரிமை வாங்கின அந்தப் பெட்டிதான் நம்ம தறி மேல உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு பெட்டி. கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா டிசைன் வரைவாங்க. கட்டத்தைப் பார்த்து அட்டையில ஓட்டை அடிப்பாங்க. ஓட்டை இருக்கிற இடத்துல கொக்கி தூக்கும், இல்லாத இடத்துல தூக்காது. அட்டை ஒவ்வொன்னா சுத்தி வர, கரையில அன்னமோ மயிலோ விழும். யோசிச்சுப் பார்த்தா அதுவும் ஒரு அட்டவணையை இன்னொரு வடிவத்துக்கு மாத்தறதுதான்.

அட்டை அடிக்கிறவர் ஒரு ஓட்டையைத் தப்பா அடிச்சா என்ன ஆகும்? ஒவ்வொரு அன்னத்துக்கும் அலகு கோணலா வரும். முதல் அன்னத்துலயே நெய்யறவர் கண்ணுக்குத் தெரிஞ்சுடும், நிறுத்திடுவார். துணி தப்பைக் காட்டிக் குடுத்துடுது. எண் அட்டவணை காட்டிக் குடுக்காது. தப்பான எண்ணும் பார்க்கிறதுக்கு சரியான எண் மாதிரிதான் இருக்கும்.

ஜக்கார்டு அட்டையோட ஓட்டையை மக்கள்தொகைக் கணக்குக்குக் கொண்டு போனவர் ஹெர்மன் ஹொலரித், 1890 அமெரிக்கக் கணக்கெடுப்புல. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, ஓட்டையைப் பார்த்து மின்சாரம் எண்ணும். அவர் கம்பெனி மற்ற கம்பெனிகளோட சேர்ந்து, 1924ல ஐபிஎம்னு பேர் மாறின கதை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. அந்த 1890 இயந்திரம் விடையை எப்படிக் குடுத்ததுன்னா, வரிசையா கடிகாரம் மாதிரி முகப்புகள். முள் எங்க நிக்குதோ அதைப் பார்த்து ஒரு குமாஸ்தா தாள்ல எழுதிக்கணும். உள்ள போறது மின்சாரம், வெளியே வர்றது கை! எண்களைத் தானே அச்சடிக்கிற இயந்திரங்கள் பரவினது 1920கள்ல.

நம்ம நாட்டுல அந்தச் சமயத்துல இயந்திரமே கிடையாது. 1901 கணக்கெடுப்புல இருந்து சீட்டு முறை. ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி, வகை வாரியா பிரிச்சு அடுக்கி, கையால எண்ணி, கையால அட்டவணை. நூறு வருஷம் தாண்டி 2001 கணக்கெடுப்புலதான் படிவத்தை ஸ்கேன் பண்ணி எழுத்தைக் கம்ப்யூட்டரே படிக்கிற முறை வந்தது. நடுவுல கல்கத்தாவுல மஹலநோபிஸ் ஒரு நல்ல காரியம் செஞ்சார். மாதிரி ஆய்வுல ரெண்டு தனித்தனிக் குழுவை ஒரே பகுதிக்கு அனுப்பி, ரெண்டு பேர் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்க்கிறது. பாபேஜும் ஹெர்ஷலும் மேசையில செஞ்சதை அவர் வயல்வெளியில செஞ்சார்னு வச்சுக்கலாம்.

புள்ளியியல் மென்பொருள்களுக்கு வருவோம். எஸ்பிஎஸ்எஸ் 1968ல ஸ்டான்ஃபோர்டுல, எஸ் மொழி 1976ல பெல் ஆய்வகத்துல, ஸ்டாட்டா 1985ல. எல்லாமே வரி அச்சுப்பொறி காலத்துல பழகின பழக்கத்தோட வந்தவை. வரிக்கு 132 எழுத்து, எல்லா எழுத்தும் ஒரே அகலம், கோடுன்னா கழித்தல் குறியை வரிசையா அடுக்கறது. அதை வேர்டுல ஒட்டி எழுத்துருவை மாத்தினீங்கன்னா பத்தி எல்லாம் கலைஞ்சு சந்தைக்கடை மாதிரி ஆயிடும். முனைவர் பட்டத்துக்கு உழைச்சவங்களைக் கேளுங்க, கண்ணீரோட சொல்வாங்க.

1990கள்ல நிலைமை மாறிச்சு. எஸ்பிஎஸ்எஸ்ல இழுத்து மாத்தக்கூடிய அட்டவணைகள் வந்தன. சாஸ் மென்பொருள்ல அந்தப் பத்தாண்டோட கடைசியில விடையைத் தனியாவும் அதோட தோற்றத்தைத் தனியாவும் பிரிச்சு, அதே விடையை வலைப்பக்கமாவோ ஆவணமாவோ கொண்டு வர்ற ஏற்பாடு வந்தது. ஸ்டாட்டாவுக்கு பென் யான் எழுதின எஸ்ட்அவுட், ஆர் மொழிக்கு டேவிட் டால் எழுதின எக்ஸ்டேபிள்னு, ஒரு கட்டளையில அட்டவணையை லேடெக்காவோ எச்டிஎம்எல்லாவோ துப்பற நிரல்கள் ஒவ்வொன்னா வந்தன. இந்த மாதிரி நிரல் எழுதினவங்க பாதிப்பேர் சொந்த எரிச்சல்லதான் எழுதியிருப்பாங்கன்னு என் சந்தேகம்.

ஆனா ஒரு படி மேல போனது வேற பரம்பரை. அதோட சொல்லகராதியைப் பார்த்தா நம்ம ஊர்க்காரங்க பேர் வச்ச மாதிரி இருக்கும். டொனால்ட் கநூத் (க-வை விட்டுட்டுப் படிச்சா நூத்! நூல் நூத்தவரேதான்) டெக் எழுதின மனுஷர். 1984ல ஒரு கட்டுரை எழுதினார். நிரலையும் விளக்கத்தையும் ஒரே கோப்புல சேர்த்து எழுதணும், அதுல இருந்து மனுஷனுக்கு ஒரு ஆவணமும் இயந்திரத்துக்கு ஒரு நிரலும் பிரிஞ்சு வரணும்கிறது யோசனை. ஆவணத்தைச் செய்யற கருவிக்கு அவர் வச்ச பேர் வீவ், நெசவு. நிரலைப் பிரிக்கிற கருவிக்கு டாங்கிள், சிக்கல். மொத்தத்துக்கும் பேர் வெப்.

2002ல ஃபிரீட்ரிஷ் லைஷ் அந்த யோசனையை ஆர் மொழிக்குக் கொண்டு வந்தார். எஸ் மொழியோட எஸ், அது கூட வீவ், சேர்த்து ஸ்வீவ். கட்டுரையை எழுதிக்கிட்டே போறீங்க, அட்டவணை வரவேண்டிய இடத்துல அட்டவணையை அடிக்காம, அதைக் கணக்கிடற கட்டளையை எழுதறீங்க. ஓட்டினா கணக்கு நடந்து, அட்டவணை அந்த இடத்துல தானே உட்காரும். தரவுல ஒரு வீடு கூடினா அட்டவணையும் மாறும், "மொத்தம் இத்தனை பேர்"னு பத்திக்குள்ள இருக்கிற எண்ணும் மாறும். நடுவுல கையே கிடையாது. பாபேஜ் கேட்டது இதைத்தான். 2012ல யிஹுய் ஷியே இதை விரிவாக்கி நிட்ஆர்னு பேர் வச்சார். நெசவு போய்ப் பின்னல் வந்துடுச்சு. அதே வருஷம் ஆர் மார்க்டவுன், 2022ல குவார்ட்டோ. இப்ப வேர்டு, பிடிஎஃப், வலைப்பக்கம் மூணும் ஒரே கோப்புல இருந்து வருது.

2002ன்னு மறுபடி வருது பாருங்க. பெர்லின் மாநாட்டுல அவர் ஸ்வீவை அறிமுகப்படுத்தின வருஷத்துலதான் நான் தார் சுற்றுபவரைத் தொலைச்சேன். தெரிஞ்சிருந்தாலும் எனக்குப் பயன்பட்டிருக்காது. ஏன்னா என் கையை நடுவுல கொண்டு வந்தது கணக்கு இல்லை, தமிழ். எஸ்பிஎஸ்எஸ்ல யூனிகோடு வந்தது 2007ல, பதினாறாவது பதிப்புல. ஸ்டாட்டாவுல 2015ல, பதினாலாவது பதிப்புல. விண்டோஸ்ல ஓடற ஆர், யுடிஎஃப்-8ஐத் தன்னோட இயல்பான குறியீடா ஏத்துக்கிட்டது 2022ல வந்த 4.2 பதிப்புலதான். அதுக்கு முன்னாடி 'பட்டு'ன்னு வரிக்குப் பேர் குடுத்தா, கோண அடைப்புக்குள்ள எண்ணும் எழுத்துமா ஏதோ ரகசியத் தந்தி மாதிரி வந்து நிக்கும். எக்செல்ல இன்னிக்கும் தமிழ் இருக்கிற சிஎஸ்வி கோப்பை நேரா திறந்து பாருங்க, முன்னாடி அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறி இல்லேன்னா கன்னாபின்னான்னு வரும். ஆங்கிலத்துல அறிக்கை எழுதறவனுக்கு 2002லயே கை விடுதலை ஆயிடுச்சு. தமிழ்ல எழுதறவன் அதுக்கப்புறமும் அச்சுத்தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டிருந்தான்.

வெளிநாட்டுல மட்டும் எல்லாம் ஒழுங்கான்னா, அதுவும் இல்லை. 2010ல ரைன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள், கடன் 90 சதவீதம் தாண்டின நாடுகள்ல வளர்ச்சி சராசரி மைனஸ் 0.1ன்னு எழுதினாங்க. சிக்கனம் பேசின அரசியல்வாதிகள் பிடிச்சுக்கிட்டாங்க. 2013ல தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு மாணவர் அவங்க எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தா, சராசரி போடற சூத்திரம் அஞ்சு நாட்டை விட்டுட்டு அதுக்கு மேல இருந்த வரியோட நின்னிருந்தது. திருத்தினா 2.2 வருதுன்னாங்க. நியாயமா சொல்லணும்னா, வித்தியாசத்துல பெரும்பங்கு வேற முடிவுகளால வந்தது, விட்டுப்போன வரியால கொஞ்சம்தான். 2020ல இங்கிலாந்துல இன்னும் மோசம். பழைய எக்செல் வடிவத்துல 65,536 வரிக்கு மேல இடம் கிடையாது. அதுல ஏத்தினதால 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்குல வராமலே போயிட்டாங்க. அவங்களோட தொடர்புல இருந்தவங்களைத் தேடற வேலையும் தாமதமாச்சு.

2019-20ல எடுத்த நாலாவது அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பு அறிக்கையைப் போன மாசம் புரட்டினேன். மொத்தம் 35.22 லட்சம் பேர். அதுல நெய்பவர் 26.73 லட்சம், துணைத் தொழிலாளர் 8.48 லட்சம். 2009-10ல மொத்தம் 43.31 லட்சமா இருந்தது. முதல் வேலையா 'துணைத் தொழிலாளர்' வரியைத்தான் தேடினேன், பழக்கதோஷம். நல்லவேளை, இருந்தது. ஆனா அட்டவணைகள் பிடிஎஃப்ல. ஒரு பக்கத்தை எடுத்து ஒட்டினா மாநிலப் பேர் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். பிடிஎஃப்ல இருந்து அட்டவணையைப் பிரிச்செடுக்கவே தபுலான்னு ஒரு கருவியை இதழாளர்கள் சேர்ந்து செஞ்சு வச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல இருந்து வந்த எண்ணை மறுபடி கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போக ஒரு கருவி!

அக்கா பொண்ணு ஆராய்ச்சி பண்றா, குவார்ட்டோவுலதான் எழுதறா. அவகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தப் பழைய தரவு இருக்கா மாமா?"ன்னு கேட்டா. ஃப்ளாப்பி இருந்தது, எதுலயும் திறக்கலை. பரணில இருந்த டிரங்குப் பெட்டியில அந்த அச்சுத்தாள் கட்டு மட்டும் பத்திரமா இருந்தது, மை கொஞ்சம் மங்கி. "அப்ப மறுபடியும் கையாலதானே அடிக்கணும்?"ன்னு சிரிச்சா. ஆமாம், வேற வழி இல்லை. நான் ஒரு தடவை, அவ ஒரு தடவை, தனித்தனியா அடிச்சோம். ஒப்பிட்டுப் பார்த்தா ரெண்டு இடத்துல வித்தியாசம். ரெண்டும் என் தப்பு.

திருத்தி ஓட்டினோம். வரிப்பேர் எல்லாம் தமிழ்லயே, கட்டம் கலையாம வந்தது. தார் சுற்றுபவருக்கு நேரா அவங்க எண், பாவு பிணைப்பவருக்கு நேரா அவங்க எண், மற்றவர் வரியில கோடு இல்லை. ஒரு பிரதி அச்செடுத்து அப்பாகிட்ட குடுத்தேன். தறியை விட்டுப் பல வருஷம் ஆச்சு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டார். அம்மா எட்டிப் பார்த்து, "எது என் வரி?"ன்னு கேட்டாங்க. அக்கா பொண்ணு விரலை வச்சுக் காட்டினா.

"கம்ப்யூட்டர் கூட்டினது தாத்தா, சரியா இருக்கும்"னா.

"இருக்கட்டும்மா"ன்னுட்டு அப்பா பேனாவை எடுத்தார்.